தொண்ணூறு டிகிரியில் கம்பளி

கம்பளியை வெந்நீரில் துவைக்கக் கூடாது. இது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அம்மா சொல்லித் தந்தார். கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர், கொஞ்சமே கொஞ்சம் சோப்பு, கசக்காமல் அழுத்திப் பிழிந்து, துண்டில் உருட்டி, நிழலில் படுக்கப் போட்டுக் காயவைக்க வேண்டும். தொங்கவிட்டால் நீண்டுவிடும். கொதிக்கவிட்டால் சுருங்கிவிடும். ஆகவே உங்கள் தாளில் 'தெரியாமல் நடந்திருக்கலாம்' என்று ஏதாவது எழுதியிருந்தால் தயவுசெய்து அடித்துவிடுங்கள். எண்பத்திரண்டு வயதில், துணி துவைக்கத் தெரியாதவள் என்று நகராட்சியில் பெயர் வாங்க எனக்கு விருப்பமில்லை.

காலணியைக் கழற்றிவிட்டு வந்ததற்கு நன்றி. வெளியே ஒரே பனிச்சேறு. உங்கள் இடது சாக்ஸில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை விழுந்திருக்கிறது. கழற்றித் தந்தால் பேசிக்கொண்டே தைத்துவிடுவேன். வேண்டாமா. சரி, காலை ஏன் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்கிறீர்கள், நான் ஒன்றும் செய்யப் போவதில்லை.

மேஜையில் வரிசையாக வைத்திருப்பவை ஸ்டூரேயின் சாக்ஸ்கள்தான். எல்லாமே நான் பின்னியவை. இடது கோடியில் இருப்பது போன மார்ச் மாதத்தது. வலது கோடியில் இருப்பது சமீபத்தியது. அதை அவித்த முட்டை ஆறாமலிருக்க அதன் தலையில் மாட்டலாம். நான் மாட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

ஏன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. முதலில் ஸ்டூரேயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் கணவரைப் பற்றிக் குறையாக எதுவும் சொல்ல மாட்டேன். நல்ல மனிதர். பனித்திடலில் நடுவராக இருந்தவர். எங்கள் ஊரில் சறுக்குக் காலணி மாட்டிக்கொண்டு வளைந்த மட்டையால் சின்னப் பந்தை அடிக்கும் ஆட்டம்தான் எல்லாருக்கும் உயிர். தேவாலயத்துக்கு வராதவர்கள்கூட அதற்கு வருவார்கள். அங்கே நடுவர் விசில் ஊதினால் ஊதினதுதான். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எந்த வீடு, என்ன நிறத்தில் கார், கிறிஸ்துமஸுக்கு எந்தக் கடையில் பன்றித்தொடை, எல்லாம் அவர் முடிவு.

"சமையலறைக்கு நீலச் சுவர்க்காகிதம் ஒட்டலாமே, ஸ்டூரே," என்று ஒரு தடவை கேட்டேன்.

"மஞ்சள்னு சொல்லிட்டு வந்துட்டேனே."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"உன்னைக் கேட்டா நீ குழம்பிப் போவ, மாய்-லிஸ். பாவம், உனக்கு எதுக்கு அந்தச் சிரமம்?"

அன்போடுதான் சொன்னார். கன்னத்தைத் தட்டிவிட்டுத்தான் சொன்னார். பார்க்கிறீர்கள் அல்லவா, இன்னும் மஞ்சள்தான்.

அவருக்குப் பிடித்தது லேசாக வறுத்த காப்பி. எனக்குப் பிடித்தது கருக வறுத்தது. ஒரு முறை எனக்குப் பிடித்ததை வாங்கி வந்துவிட்டேன். ஒரு வாய் குடித்துப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து நீல அட்டையை எடுத்துக் காட்டினார். ஆட்டத்தில் நீல அட்டை என்றால் பத்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும். நான் பால்கனியில் போய் உட்கார்ந்தேன். அவர் சிரித்துக்கொண்டுதான் காட்டினார். நானும் சிரித்துக்கொண்டுதான் போனேன். பிப்ரவரி மாதம்.

அது இருக்கட்டும். போன குளிர்காலத்தில் மளிகைக்கடை வாசலில் வழுக்கி விழுந்து ஸ்டூரேவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆணி வைத்துத் தைத்து, சக்கரம் வைத்த நடைவண்டியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலையில் எழுப்ப, குளிப்பாட்ட, சாக்ஸ் மாட்டிவிட உதவி வேண்டும். உங்கள் அலுவலகத்திலிருந்து யோனத்தான் வந்தான். யாருக்கு எவ்வளவு உதவி தேவை என்று மதிப்பிடுகிற அந்தப் பையன்தான். தாடி வைத்திருந்தாலும் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகி ஓடுகிறவன் மாதிரியே இருப்பானே, அவன். ஸ்டூரே சுயமாக சாக்ஸ் மாட்டிக்கொள்ளும்வரை உதவி உண்டு என்று எழுதிக்கொண்டான். பிறகு சொன்னான்:

"ஆளை நீங்களேதான் தேர்ந்தெடுக்கணும். முன்னாடி மாதிரி நாங்க அனுப்புறவங்கதான் வருவாங்கன்னு இல்ல. செலவு நகராட்சியோடது, விருப்பம் உங்களோடது. ஏழு கம்பெனி இருக்கு. எது வேணும் ஸ்டூரே?"

ஸ்டூரே வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். "எவன் வந்தா என்ன? சாக்ஸ் மாட்டத் தெரிஞ்சா போதும். மாய்-லிஸ் பாத்துக்குவா."

யோனத்தான் என் பக்கம் திரும்பினான்.

"அப்போ மாய்-லிஸ், உங்களுக்கு என்ன வேணும்?"

ஏழு கம்பெனிகளின் வண்ணத்தாள்களையும் இந்த மேஜையில் விரித்து வைத்தான். எல்லாத் தாளிலும் ஒரே வெள்ளைத்தலைப் பாட்டி சிரித்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். உங்களுக்குச் சாதாரணக் கேள்வியாகத் தோன்றலாம். நீங்கள் தினமும் நாலு பேரிடம் கேட்கிறீர்கள். என்னை அதுவரை யாரும் கேட்டதில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அவனை அனுப்பினேன். அன்று முழுவதும் யோசித்தேன். அவ்வளவு நல்ல நாள் எனக்கு அதற்கு முன் அமைந்ததில்லை. கல்யாண நாளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் யோசிக்கிறேன் என்பது எப்படியோ கம்பெனிகளுக்குத் தெரிந்துவிட்டது. 'வெள்ளி அல்லி'யின் மேலாளர் ஏலக்காய் பன்னோடு வந்தார். 'நல்ல காலை' கம்பெனிக்காரர்கள் ஒரு நாயைக் கூட்டி வந்தார்கள், தடவிக்கொடுத்தால் மனதுக்கு நல்லதாம். 'ஓக் நிழல்' ஆள் ஜன்னல் துடைத்துத் தருவதாகச் சொன்னார், சொல்லும்போதே சட்டைக்கையால் துடைத்தும் காட்டினார். ஒவ்வொருவரும் நான் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் கேட்டார்கள். நான் பன்னுக்காக முடிவு செய்தேன் என்று பக்கத்து வீட்டு பார்ப்ரோ சொல்லியிருப்பாள். இல்லை. பன் கொஞ்சம் காய்ந்திருந்தது. அவர் "நீங்க சொல்றதுதான் முக்கியம்" என்றார், அதற்காக.

அப்படித்தான் செனாய்த் வந்தாள், வெள்ளி அல்லியின் மஞ்சள் சட்டையில். எரித்திரியாவிலிருந்து சின்ன வயதில் வந்தவள். எங்கள் வட்டாரப் பேச்சை என்னைவிட நன்றாகப் பேசுவாள். ஸ்டூரேயைக் குளிக்க வைத்து, சாக்ஸ் மாட்டி, ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுச் சமையலறைக்கு வருவாள்.

"மாய்-லிஸ், இந்தக் காப்பி என்ன வெந்நீர் மாதிரி இருக்கு?"

"ஸ்டூரேவுக்கு இதுதான் பிடிக்கும்."

"ஸ்டூரேயையா கேட்டேன்? உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

மறுபடியும் அதே கேள்வி. மறுநாளே கருக வறுத்த காப்பி வாங்கி, மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். தினமும் அவளும் நானும் இந்த மேஜையில் குடிப்போம். பத்து நிமிடம்தான் இருக்கும். அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும் அவளுக்கு. உள்ளேயிருந்து ஸ்டூரே விசில் ஊதுவார். "ஊதட்டும், நுரையீரலுக்கு நல்லது," என்பாள் செனாய்த்.

ஆனால் ஸ்டூரே வேகமாகத் தேறினார். எனக்கு அது மகிழ்ச்சியாக இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு காலையில் செனாய்த் வருவதற்குள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு சாக்ஸையும் தானே மாட்டிக்கொண்டு, கையைத் தூக்கி கோல் விழுந்த மாதிரி நீளமாக ஊதினார்.

"வியாழக்கிழமை அந்தத் தாடிப் பையன் வரட்டும். காட்டுறேன். அதுக்கப்புறம் யாரும் வர வேண்டாம்."

அவர் முடிவு செய்துவிட்டார். உதவி நின்றால் செனாய்த் வரமாட்டாள். பன் வராது, நாய் வராது. எது வேண்டும் என்று என்னிடம் கேட்க இந்த உலகத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். மஞ்சள் சுவரும் வெந்நீர்க் காப்பியும் நானும் மட்டும்.

செவ்வாய்க்கிழமை, கட்டடத்துக்கே பொதுவான கீழ்த்தளத்துச் சலவை அறையில் எங்கள் முறை. ஸ்டூரேயின் சாக்ஸ்களை இயந்திரத்தில் போட்டேன். அதில் ஒரு திருகு இருக்கிறது. முப்பதில் வைத்தேன். பிறகு தொண்ணூறில் வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். மற்றதை இயந்திரம் செய்தது.

வியாழக்கிழமை யோனத்தான் வந்து உட்கார்ந்தான், நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு. ஸ்டூரே சாக்ஸை எடுத்தார். விரல்கள் நுழைந்தன. குதிகால் நுழையவில்லை. இழுத்தார். முகம் சிவந்தது. இன்னும் இழுத்தார். பின்பக்கமாகக் கட்டிலில் சாய்ந்தார், கால்கள் இரண்டும் கூரையைப் பார்த்து நின்றன.

"ஸ்டூரே, போதும். அவசரப்படாதீங்க," என்றான் யோனத்தான்.

"அன்னைக்குப் போட்டேன்! அன்னைக்கு நானே போட்டேன்! கேளு அவளை!"

யோனத்தான் என்னைக் கேட்டான். நான் பொய் சொல்லவில்லை. "அவர் போட்டதாகத்தான் சொன்னார்," என்றேன். கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன். யோனத்தான் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பரிதாபமாகப் பார்த்து, உதவியை நீட்டித்தான்.

ஸ்டூரேவுக்கு ஏன் சந்தேகம் வரவில்லை என்று கேட்பீர்கள். அவர் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து சலவை அறைக்குள் கால் வைத்ததில்லை. பனி உருகுவது மாதிரி துணியும் தானாகச் சுத்தமாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கடையில் வேறு சாக்ஸ் வாங்கலாமே என்றால், வீட்டில் பின்னிய சாக்ஸைத்தான் நடுவர் போடுவார். அவரே எப்போதோ எடுத்த முடிவு அது. நான் அதை மதித்தேன்.

சாக்ஸுக்குப் பிறகு கம்பளி உள்கால்சட்டை. பிறகு ஸ்வெட்டர். பிறகு அந்தப் பச்சைத் தொப்பி. அது தலையில் நிற்காமல் மேலே உட்கார்ந்திருந்தது. ஸ்டூரே கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாய்-லிஸ், நான் வீங்குறேனா?"

"எனக்கு நீ எப்பவும் போலத்தான் இருக்க, ஸ்டூரே."

அன்போடுதான் சொன்னேன்.

டாக்டர் எடை பார்த்துவிட்டுக் குறைந்திருப்பதாகச் சொன்னார். "அப்ப உள்பக்கமா வீங்குது போல," என்றார் ஸ்டூரே. டாக்டருக்கு அதற்கு மருந்து தெரியவில்லை.

இதற்கிடையில் வெள்ளி அல்லி மேலாளர் மறுபடி வந்தார். வாடிக்கையாளர்களுக்கு ஒரு புதுச் சலுகை. இனி துணியை அவர்களே எடுத்துப்போய்த் துவைத்துத் தருவார்களாம், இலவசமாக. நான் நன்றி சொன்னேன். சாயங்காலமே யோனத்தானை அழைத்து, கம்பெனியை மாற்ற வேண்டும் என்றேன். காரணம் சொல்லத் தேவையில்லையாமே. அது இந்த ஏற்பாட்டின் பெரிய நன்மை என்று நினைக்கிறேன்.

நல்ல காலை கம்பெனியைத் தேர்ந்தெடுத்தேன். திங்கட்கிழமை கதவைத் திறந்தால் செனாய்த் நிற்கிறாள், பச்சைச் சட்டையில்.

"நீயா?"

"வேற யாரு? இந்த ஊர்ல சாக்ஸ் மாட்டிவிட எத்தனை பேர் இருக்காங்கன்னு நினைச்சீங்க? வெள்ளி அல்லி ஆள் குறைச்சுது, இவங்க எடுத்துக்கிட்டாங்க. கார்கூட அதேதான், பழைய ஸ்டிக்கர் மேல புது ஸ்டிக்கர்."

எட்டிப் பார்த்தேன். நாயின் படத்துக்கு அடியிலிருந்து அல்லியின் ஒரு இதழ் நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. எதையும் இழக்காமல் எத்தனை முறை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்று தெரிந்துவிட்டது.

எங்கள் படிக்கட்டைச் சேர்ந்த வீடுகளில் குடியிருக்கிற எல்லாருமே வயதானவர்கள். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் பொது அறையில் படிப்பு வட்டம் வைப்போம். போன ஆண்டு காளான். எது விஷம், எது இல்லை என்று. இந்த ஆண்டு என்னையே வட்டத் தலைவியாக்கி, கம்பெனி தேர்ந்தெடுப்பது எப்படி என்று வைத்தார்கள். நான் வண்ணத்தாள்களைச் சுவரில் ஒட்டினேன்.

"மஞ்சள் தலை இருந்தா சாப்பிடலாமா?" என்று கேட்டாள் பார்ப்ரோ. போன வருடத்து நினைவிலிருந்து அவள் வெளியே வரவில்லை.

"சாப்பிட வேண்டாம் பார்ப்ரோ. குளிக்க உதவுவாங்க."

"இத்தனை இருந்தா எப்படித் தெரியும்? எனக்குத் தலை சுத்துது. நீ எதுன்னு சொல்லு மாய்-லிஸ், நாங்க அதுக்கே கைதூக்குறோம்."

கைதூக்கினார்கள், ஒருவர் விடாமல். எங்கள் ஊரில் தனியாக ஒரு கை கீழே இருந்தால் அது மரியாதையில்லை. அதற்குப் பிறகு நான் கம்பெனி மாற்றும்போதெல்லாம் படிக்கட்டு முழுவதும் மாறியது. எங்களோடு எதிர்க் கட்டடமும் மாறியது. மேலாளர்கள் என் கையைக் குலுக்கும்போது இரண்டு கையாலும் குலுக்கத் தொடங்கினார்கள். முதலில் வெள்ளி அல்லி மூடப்பட்டது. பிறகு நல்ல காலை. நாய்க்கு வேறு வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். ஓக் நிழல் மேலாளர் இங்கேயே உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்தபடி, சத்தமில்லாமல் கொஞ்சநேரம் அழுதார். எனக்கும் வருத்தமாக இருந்தது. ஜன்னல் அவ்வளவு சுத்தமாக அதற்குப் பிறகு இருந்ததில்லை.

செனாய்த் ஊதாவில் வந்தாள், பிறகு நீலத்தில் வந்தாள்.

"மாய்-லிஸ், ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்காதீங்க."

"சொல்லு."

"நீங்க ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் நான் புதுசா சேந்த ஆளு ஆயிடறேன். லீவு முதல்லயிருந்து. பயிற்சி முதல்லயிருந்து. போன வாரம் ஒரு நாள் பூரா உக்காரவச்சு 'ஸ்டூரே என்கிறவருக்கு சாக்ஸ் மாட்டுவது எப்படி'ன்னு எனக்கே பாடம் எடுக்குறாங்க. என்கிட்ட மிச்சம் இருக்கிறதெல்லாம் சட்டைதான். வானவில் மாதிரி அலமாரி."

"உனக்கு நீலம் பொருத்தமா இருக்கு," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். எனக்கு எப்போதுமே நீலம் பிடிக்கும்.

அவள் காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

ஸ்டூரேயின் கடைசி ஆட்டத்தைப் பற்றியும் நீங்கள் எழுதியிருப்பீர்கள். ஆமாம், நானும் போயிருந்தேன். இனித் தேற மாட்டோம் என்று அவர் தீர்மானித்துவிட்டார். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு பனித்திடலுக்குப் போய், இடைவேளையில் நடுவில் நின்றார். கோட்டு பொத்தான் போட முடியாமல் திறந்து கிடந்தது, அதுவும் கம்பளிதான். ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள்.

"நண்பர்களே, நான் பெருத்துக்கிட்டே போறேன்," என்றார். "எங்க போய் நிக்கும்னு டாக்டருக்கே தெரியலை. இது என் கடைசி விசில்."

ஊதினார். நடுவில் மூச்சு உடைந்துவிட்டது. எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். அவர் விசிலைச் சங்கத்துக்காரர் கையில் கொடுத்துவிட்டு, அது போன பிறகும் கையை மூடாமல் நின்றார். நான் கைதட்டினேன். கையுறை போட்டிருந்ததால் சத்தம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அவருடைய இறுதிச் சடங்குக்கு எந்தப் பாட்டு என்றுகூட முடிவு செய்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. நான் பிறகு போதகரிடம் சொல்லி வேறு பாட்டு மாற்றிவைத்தேன். இதையும் குற்றத்தில் சேர்ப்பதா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

மாட்டிக்கொண்டது என் தவறுதான். ஒரு செவ்வாய்க்கிழமை, இன்னும் மிச்சமிருந்த கம்பெனி ஒன்றின் மேலாளர் படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். உங்கள் கருத்து வேண்டும் என்றார். கருத்துச் சொல்லிக்கொண்டு நின்றதில் சலவை அறையில் என் முறை முடிந்ததே தெரியவில்லை. அடுத்த முறை பார்ப்ரோவுடையது. இந்த நாட்டில் மனிதர்கள் எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்கள். முறை முடிந்த பிறகும் இயந்திரத்தில் துணி கிடந்தால் மன்னிக்க மாட்டார்கள்.

நான் வீட்டுக்குள் நுழைந்து கோட்டைக் கழற்றுவதற்குள் அழைப்புமணி அடித்தது. செனாய்த் ஸ்டூரேயின் காலடியில் உட்கார்ந்து, சாக்ஸை இழுத்துக்கொண்டிருந்தாள். பார்ப்ரோ யாரையும் பார்க்காமல் நேராக வந்து, கையிலிருந்த ஈரத்தை மேஜையில் வைத்தாள்.

"பத்து நிமிஷம், மாய்-லிஸ். என் நேரத்துல பத்து நிமிஷம் உன் துணி உள்ளே கிடந்துச்சு. இத்தனை வருஷத்துல நான் ஒரு நாளாவது உன் நேரத்தை எடுத்திருக்கேனா?"

"மன்னிச்சுக்கோ, பார்ப்ரோ."

"அதோட இது என்ன, தொண்ணூறுல கம்பளி! மெஷின் பூரா பஞ்சு. உங்க வீட்டுல எந்தக் குழந்தைக்கு இவ்வளவு சின்ன சாக்ஸ்?"

ஸ்டூரே மேஜையைப் பார்த்தார். சாக்ஸின் மேல்விளிம்பில் சிவப்புக் கோடு. அவர் சங்கத்தின் நிறம். நான்தான் பின்னினேன்.

"அது என்னுது," என்றார்.

"உன்னுதா?" என்றாள் பார்ப்ரோ. "உனக்குக் கால் என்ன, புறாக் காலா?"

செனாய்த் என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் பையைத் திறந்து ஒரு ஜோடி சாக்ஸை எடுத்தாள். புதுக் கம்பெனி எல்லா வாடிக்கையாளருக்கும் தருகிற பரிசு. கணுக்காலில் கம்பெனி பெயர் போட்டது. அவள் அதை முதல் நாளே தந்தாள், நான் வேண்டாம் என்று சொல்லித் திருப்பியிருந்தேன்.

"ஸ்டூரே, இதைப் போட்டுப் பாருங்க. நீங்களே."

ஸ்டூரே போட்டார். ஒரே இழுப்பு. மற்ற காலும் ஒரே இழுப்பு. எழுந்து நின்றார். நடைவண்டியைத் தொடவில்லை. கதவைத் திறந்து படிக்கட்டில் இறங்கினார். காலடிச் சத்தம் கீழே, இன்னும் கீழே போனது. சலவை அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நாங்கள் மூன்று பெண்களும் அப்படியே நின்றோம். பார்ப்ரோ மட்டும், "இப்ப இவரும் என் நேரத்துலதான் போயிருக்கார்," என்றாள்.

திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கவில்லை.

"மாய்-லிஸ்," என்றார். "அந்தத் திருகுல முப்பதுன்னும் ஒரு எண் இருக்கு."

"இருக்கு, ஸ்டூரே."

"எவ்வளவு நாளா?"

"அது எப்பவும் இருந்துச்சு."

சட்டைப் பையில் கைவிட்டார். விசிலைக் கொடுத்துவிட்டார், அட்டைகளைக் கொடுக்கவில்லை. சிவப்பு அட்டையை எடுத்து, கையை நேராக உயர்த்தி, எனக்குக் காட்டினார். சிவப்பு என்றால் பத்து நிமிடம் இல்லை. ஆட்டம் முடியும்வரை. பார்ப்ரோ, அவள் முறை என்று எழுதியிருந்த நேரத்தையும் மறந்து, வாயைப் பொத்திக்கொண்டாள். செனாய்த் குனிந்து தன் பையை மூடினாள்.

"நான் எட்டு மாசமா இவர் காலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டிருக்கேன், மாய்-லிஸ்," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "நீங்க என்னைக் கேட்டிருந்தா, சும்மாவே காப்பி குடிக்க வந்திருப்பேன்."

ஸ்டூரே அந்தச் சாக்ஸோடேயே தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். மற்றது உங்களுக்குத் தெரியும், அதற்காகத்தான் வந்திருக்கிறீர்கள்.

ஆகவே, ஆமாம். சாக்ஸ், உள்கால்சட்டை, ஸ்வெட்டர், தொப்பி, கோட்டு, எல்லாம் நான்தான். ஒவ்வொரு தடவையும் தெரிந்துதான். நடக்கத் தெரிந்த ஒரு மனிதரை நடக்க முடியாதவராக வைத்திருந்தேன். மூன்று கம்பெனிகள் போனதும், செனாய்த் எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட விடுமுறை எடுக்க முடியாமல் போனதும் என்னால்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாம் ஸ்டூரேவுக்காகத்தான் செய்தேன் என்பதையும் கூடவே எழுதிக்கொள்ளுங்கள். அவருக்குக் கிடைத்த உரிமை அது. அவர் பயன்படுத்தவில்லை. யாராவது பயன்படுத்த வேண்டாமா.

ஸ்டூரே இனி எங்கே இருப்பார் என்றும் கேட்டீர்கள். ஸ்டூரேயிடம் இப்போது யோனத்தான் முறையாகப் பேசியிருக்கிறான், அது எனக்குத் தெரியும், பார்ப்ரோ சொன்னாள். "ஸ்டூரே, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டானாம். ஸ்டூரே கேள்வியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாராம். வாழ்நாள் முழுவதும் எல்லாவற்றையும் முடிவு செய்தவர்தான், ஆனால் அப்படி ஒரு கேள்வியை அவரையும் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. கடைசியில் சொன்னாராம்: முதியோர் குடியிருப்பில் ஒரு அறை, பனித்திடலைப் பார்த்த ஜன்னல், ஒரே ஒரு ஆளுக்கு.

பாவம். அனுபவம் இல்லாதவர்கள் இப்படித்தான் அவசரத்தில் எதையாவது சொல்லிவிடுவார்கள். எங்கள் வட்டத்திலும் பார்த்திருக்கிறேன். நான் நேற்றே குடியிருப்புக்குத் தொலைபேசி செய்து மாற்றிவிட்டேன். கணவன் மனைவியைப் பிரிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது, நல்ல விதி. இருவருக்கான அறை. பனித்திடல் பக்கம் சத்தம் அதிகம், அதனால் பூங்கா பக்கம். சுவருக்கு நீலம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு அறையிலும் தனியாகத் துவைக்கும் இயந்திரம் இருக்கிறதாம். யாருடைய முறைக்கும் காத்திருக்க வேண்டாம். திங்கட்கிழமை சாவி தருகிறார்கள்.

இன்னொரு கோப்பை குடியுங்கள். கருக வறுத்தது.

ஸ்டூரேயிடம் சொல்லிவிட்டேனா என்றா கேட்கிறீர்கள்? இல்லை. அவரைக் கேட்டால் குழம்பிப் போவார். அவருக்கு எதற்கு அந்தச் சிரமம்?